இரண்டு அங்குலத் தண்ணீர்

நான் படித்தது மெக்கானிக்கல் என்ஜினியரிங். செய்வது குழாய் வேலை. 'பில்டிங் சர்வீஸஸ்' என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம், அம்மா உறவுக்காரர்களிடம் அப்படித்தான் சொல்கிறார். ஆனால் ஜொகூர் பாருவில் நான் வேலை பார்க்கும் சின்ன கன்சல்டன்சியில் என் மேசைக்கு வருவதெல்லாம் தண்ணீரும் சாக்கடையும்தான். எந்த மாடியில் எத்தனை கழிப்பறை, எந்தக் குழாய்க்கு எவ்வளவு சாய்வு, மழைநீர் எங்கே போகும், மற்ற நீர் எங்கே போகும்.

உங்கள் வீட்டு சிங்கிக்குக் கீழே குனிந்து பாருங்கள். இறங்கி வரும் குழாய் ஓரிடத்தில் வளைந்து கொஞ்சம் மேலே ஏறி, பிறகு சுவருக்குள் போகும். அந்த வளைவுக்கு ட்ராப் என்று பேர். அதில் எப்போதும் இரண்டு அங்குலத் தண்ணீர் தேங்கி நிற்கும். அதுதான் கதவு. அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் தெருச் சாக்கடையின் நாற்றம் முழுக்க உங்கள் சமையலறைக்கு வந்துவிடும். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர் கழிப்பறைக்கு இப்படி ஒரு வளைவை வைத்துக் காப்புரிமை வாங்கினார். மோட்டார் கிடையாது, வால்வு கிடையாது, கரண்ட் வேண்டாம். இருநூற்றைம்பது வருஷமாக உழைக்கிறது. என் தொழிலில் எனக்கு ரொம்பப் பிடித்த பொருள் எது என்று யாராவது கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்டதில்லை.

அந்த இரண்டு அங்குலத் தண்ணீரை வேறு மாதிரி பார்க்க வேண்டி வந்தது அப்பாவால்.

அப்பா லாரி ஓட்டியவர். பாசிர் கூடாங், தஞ்சோங் பெலெப்பாஸ் என்று துறைமுகம் துறைமுகமாகக் கொள்கலன் இழுத்தவர். இனிப்புநீர் வந்து பதினைந்து வருஷம். காலில் ஒரு புண், அது ஆறவில்லை, சீழ் கட்டி இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நம் வீடுகளில் இது புதுக்கதை இல்லை. எந்தத் தாமானில் எந்த வரிசையில் தட்டினாலும் இப்படி ஒருவர் இருப்பார். அறுவை முடிந்து மூச்சுத் திணறலாகி ஐசியுவில் வைத்தார்கள். கால் தேறிக்கொண்டு வந்தது. ஒன்பதாம் நாள் குளிர்க்காய்ச்சல். ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு ஹவுஸ்மேன் டாக்டர், என் வயதுதான் இருக்கும், தமிழ்ப் பையன், எங்களை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அங்கிள் ரத்தத்துல ஒரு கிருமி வளந்திருக்கு. க்ளெப்சியெல்லா. நாங்க குடுக்குற மருந்துக்குக் கேக்க மாட்டேங்குது."

"வேற மருந்து மாத்தலாமா டாக்டர்?"

"மாத்துனதுக்கும்தான் கேக்கல."

மறுநாள் அப்பாவின் படுக்கை தனியறைக்குப் போனது. கதவில் ஓர் அறிவிப்பு. உள்ளே போனால் மஞ்சள் அங்கி, கையுறை. வெளியே வரும்போது கழற்றிப் போட்டுவிட்டுக் கை கழுவ வேண்டும். அம்மாவுக்கு அங்கியின் கயிற்றைப் பின்னால் கட்டத் தெரியவில்லை. மிஸ்ஸி ஒருவர் கட்டிவிட்டார். அம்மா அவரிடம் மலாயில் கேட்டதைத்தான் பிறகு காரில் என்னிடம் தமிழில் கேட்டார்: "வீட்டுல இல்லாத கிருமி ஆஸ்பத்திரியில எப்படிமா வந்துச்சு?"

பெரியப்பாவிடம் பதில் தயாராக இருந்தது. "சளி புடிச்சாலே கிளினிக்குக்கு ஓடுவான். மாத்திரை மாத்திரையா முழுங்குனா இப்படித்தான்." வாட்ஸ்அப்பில் ஒரு படத்தையும் அனுப்பினார்: ஆண்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள், கோர்ஸை முடியுங்கள். அப்பா மருந்தைப் பாதியில் விட்டவர் இல்லை. கிளினிக்கில் கொடுத்ததை அலாரம் வைத்துச் சாப்பிடுகிறவர். 'கோர்ஸை முடி' என்ற அறிவுரைக்கே போதிய ஆதாரம் இல்லை என்று 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சில நிபுணர்கள் எழுதினார்கள் என்பது தனிக்கதை. இன்னொன்று, இந்த நாட்டில் ஆண்டிபயாட்டிக்கைக் கடையில் நினைத்தபடி வாங்க முடியாது. 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டப்படி டாக்டர் எழுதித் தர வேண்டும். ஆனால் தனியார் கிளினிக்கில் எழுதுபவரும் விற்பவரும் ஒரே டாக்டர்தான். சளிக்கு மாத்திரை கொடுத்தது அப்பாவின் குற்றம் என்றால், அந்தக் குற்றத்துக்கு இன்னொரு பங்காளியும் உண்டு. பெரியப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. படுத்திருப்பவரையே குற்றவாளியாக்கும் பேச்சு எனக்கு ஒப்பவில்லை என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கிருமி அப்பாவுக்குள் எப்படிப் போனது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்த மருத்துவமனையின் பேரும் இங்கே வேண்டாம், அது எங்கேயும் நடக்கக்கூடியது. நான் செய்தது எனக்குத் தெரிந்த ஒரே வேலை: ஐசியு வாசலில் உட்கார்ந்து, போனில் ஆய்வுக் கட்டுரைகளாகப் படித்தேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதியில் குழாய் நிறைய வந்தது.

முதலில் அந்தக் கிருமியைப் பற்றி. பாக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொண்டே இருக்கும். பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் அந்தக் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்ளும். சுவர் நிற்காது, பாக்டீரியா வெடித்துச் சாகும். அந்தக் குடும்பத்தின் கடைசிப் பெரிய தம்பிதான் கார்பபெனெம் வகை. மற்றதெல்லாம் தோற்றால் இதைத்தான் எடுப்பார்கள். இந்த மருந்தையே வெட்டிப் போடும் என்சைம் சில பாக்டீரியாவிடம் இருக்கிறது. அதைச் செய்யும் குறிப்பு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் எழுதியிருக்கும். பாக்டீரியா அதைத் தன் பிள்ளைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கொடுக்கும், வேறு இனத்தானுக்கும் கொடுக்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி பரவுவதுபோல, யார் முதலில் அனுப்பியது என்றே தெரியாமல்.

இந்த என்சைம்களில் பேர்போனது என்டிஎம்-1. டெல்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் 2008இல் கண்டுபிடித்தார்கள், அதனால் நியூ டெல்லி என்ற பேரையும் அதற்கு வைத்தார்கள். 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் பெரிய ஆய்வு வந்தபோது அதன் முதல் ஆசிரியர் குமாரசாமி கார்த்திகேயன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்தவர். அந்த மரபணு உள்ள கிருமி மாதிரிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73. இந்த எண்களைப் படிக்கும்போது அப்பாவின் அறை எனக்கு எதிரே இருந்தது. சென்னை என்ற பேரை சினிமாவிலும் புத்தகத்திலும் பார்த்து வளர்ந்தவள் நான். இப்படி ஓர் அட்டவணையில் அதைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

ஆய்வு வந்ததும் இந்தியாவில் பெரிய சண்டை. கிருமிக்கு எங்கள் தலைநகரின் பேரா, மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் சதியா என்று. பேர் வைத்தது தப்பு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் பேரைப் பற்றிய சத்தத்தில் 44 என்ற எண் யார் காதிலும் விழவில்லை. விழுந்த சிலரும் இருந்தார்கள். 2012 ஆகஸ்டில் டாக்டர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைத்து இந்திய மருத்துவர் அமைப்புகளைச் சென்னையில் உட்காரவைத்தார். அதிலிருந்து வந்ததுதான் சென்னைப் பிரகடனம். எல்லாவற்றையும் நாளைக்கே தடைசெய் என்று அது சொல்லவில்லை. நடைமுறையில் எது முடியுமோ அதிலிருந்து தொடங்கு என்றது. முக்கியமான ஆண்டிபயாட்டிக்குகளைத் தனிப் பட்டியலில் வைத்து, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014 மார்ச்சில் அங்கே நடைமுறைக்கு வந்தது.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது அதற்கடுத்த வருஷத்து ஆய்வு. 2011இல் வந்தது. டெல்லியின் தெருக்களில் தேங்கி நின்ற தண்ணீரிலிருந்தும் ஓடைகளிலிருந்தும் 171 மாதிரிகள், குடிநீர்க் குழாயிலிருந்து 50. தேங்கிய நீரில் 51 மாதிரிகளில் அந்த மரபணு இருந்தது. குழாய் நீரில் இரண்டில். அதாவது கிருமி மருத்துவமனைக்குள் பிறந்து மருத்துவமனைக்குள் சாகிற பிராணி இல்லை. அது சாக்கடை வழியாகப் போகிறது, சாக்கடை வழியாக வருகிறது. இந்த இடத்தில்தான் எனக்கு என் மேசை ஞாபகம் வந்தது.

அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனை ஒன்று இருக்கிறது, உலகத்திலேயே ஆராய்ச்சிக்குப் பேர்போன இடங்களில் ஒன்று. 2011இல் அங்கே நியூயார்க்கிலிருந்து ஒரு நோயாளி இதே க்ளெப்சியெல்லாவுடன் வந்தார். தனிமைப்படுத்தினார்கள், அவர் வீட்டுக்கும் போய்விட்டார். சில வாரங்களில் இன்னொருவருக்கு வந்தது. பிறகு இன்னொருவர். மொத்தம் 18 பேர். 11 பேர் இறந்தார்கள், அதில் 6 மரணங்களுக்கு இந்தக் கிருமிதான் காரணம் என்றார்கள். கிருமிகளின் மரபணுவை முழுக்கப் படித்து எல்லாமே அந்த முதல் நோயாளியிடமிருந்து வந்தவை என்று நிறுவினார்கள். சிலர் எந்த அறிகுறியும் இல்லாமல் வாரக்கணக்கில் கிருமியைச் சுமந்திருக்கிறார்கள். ஐசியுவில் புதுச் சுவர் எழுப்பினார்கள். சுத்தம் செய்து வைத்த வென்டிலேட்டர் ஒன்றிலும் அது இருந்தது. சிங்கியின் வடிகாலிலும் இருந்தது. குழாய்களைப் பிடுங்கி எறிந்தார்கள்.

சிங்கியின் வடிகால். அங்கேதான் என் இரண்டு அங்குலத் தண்ணீர் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் அதைவிட நல்ல வீடு ஒரு பாக்டீரியாவுக்குக் கிடைக்காது. எப்போதும் ஈரம். இருட்டு. குழாயின் உட்சுவரில் பிசுபிசுப்பாக ஒரு படலம், அதற்குள் புகுந்துகொண்டால் குளோராக்ஸ் ஊற்றினாலும் மேலோட்டமாகத்தான் தொடும். நம் ஊரில் குழாய்த் தண்ணீர் வருஷம் முழுக்க வெதுவெதுப்பு வேறு. மேலேயிருந்து கையில் உள்ள கிருமி வருகிறது, மிச்ச மருந்தும் கொஞ்சம் வருகிறது. மருந்தில் நனைந்தே வாழ்கிறவன் மருந்துக்குப் பழகாமல் என்ன செய்வான்?

ஆனாலும் அது கீழேதானே இருக்கிறது, நோயாளி மேலே இருக்கிறார், நடுவில் எப்படி என்று கேட்டேன். நான் மட்டும் கேட்கவில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரே மாதிரி சிங்கிகளை வரிசையாகக் கட்டி, ஒளிரும் ஈ.கோலை பாக்டீரியாவை ட்ராப்புக்குள் விட்டுப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. வெறும் தண்ணீரை மட்டும் திறந்து மூடினால் தெறித்து வெளியே வரவில்லை. உணவு கிடைத்தால், பாக்டீரியா குழாய்ச் சுவரைப் பிடித்து ஒரு நாளைக்கு ஓர் அங்குலம் மேலே ஏறுகிறது. பாகற்கொடி பந்தலில் ஏறுவதுபோல. ஒரு வாரத்தில் வடிகாலின் சல்லடைத் தட்டுக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு குழாயைத் திறந்தால், தண்ணீர் நேராகத் தட்டில் விழுந்து, துளித் துளியாகச் சுற்றிலும் தெறிக்கிறது.

எவ்வளவு தூரம் தெறிக்கும்? டொரோண்டோவில் ஒரு மருத்துவமனை ஐசியுவில் 2004க்கும் 2006க்கும் இடையே 36 பேருக்கு மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் கிருமி வந்தது. கை கழுவும் சிங்கிகளில் ஒளிரும் சாயத்தை ஊற்றிக் குழாயைத் திறந்து பார்த்தார்கள். ஒரு மீட்டர் வரைக்கும் சாயம் போயிருந்தது. படுக்கை, பக்கத்தில் மருந்து கலக்கும் மேசை எல்லாம் அந்த ஒரு மீட்டருக்குள். சிங்கி ஆழமில்லாதது, குழாயின் வாய் நேராக வடிகால் ஓட்டைக்கு மேலே. சிங்கிகளை மாற்றிக் கட்டிய பிறகுதான் தொற்று நின்றது.

'உணவு கிடைத்தால்' என்ற வார்த்தையில் நான் ரொம்ப நேரம் நின்றேன். மருத்துவமனை சிங்கியில் யார் உணவு போடுவார்கள்? எல்லாரும்தான். மீந்த மைலோ, ஆறிப்போன தே தாரிக், நோயாளி குடிக்காமல் வைத்த கஞ்சித் தண்ணீர், பாட்டிலில் மிச்சமிருக்கும் குளுக்கோஸ். கழிவு ஊற்றத் தனியிடம் தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கும், சிங்கியோ கையெட்டும் தூரத்தில். இரவு ஷிப்டில் பத்துப் படுக்கையைப் பார்க்கும் மிஸ்ஸியிடம் நடந்துபோய் ஊற்றுங்கள் என்று அறிவுரை சொல்வது சுலபம். கழிவு ஊற்றும் இடத்தை எங்கே வரைந்தார்கள் என்று கேட்பதுதான் சரியான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

நெதர்லாந்தில் நைமேகன் நகரத்து மருத்துவமனை ஒன்று இன்னும் ஒரு படி போனது. ஐசியு நோயாளி அறைகளில் இருந்த சிங்கிகளையே 2014இல் கழற்றிவிட்டார்கள். கைக்கு ஆல்கஹால், நோயாளியைத் துடைக்க ஈரத் துண்டு, மாத்திரைக்குப் பாட்டில் தண்ணீர். இவ்வகைக் கிருமிகள் நோயாளிகளிடம் தங்குவது குறைந்தது. கை கழுவினால் நோய் வராது என்று நூற்றைம்பது வருஷம் போராடி ஒவ்வொரு படுக்கைக்குப் பக்கத்திலும் சிங்கி வைத்தார்கள். இப்போது அந்த சிங்கியைக் கழற்றுகிறார்கள். இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, ஐசியு வாசலில் சிரிக்கக்கூடாதே என்று அடக்கிக்கொண்டேன்.

கட்டடமே நோயாளியாவது ஜொகூருக்குப் புதிதில்லை. 2004இல் பண்டானில் புதிதாகத் திறந்த சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் பூஞ்சை படர்ந்து, திறந்த வருஷமே தற்காலிகமாக மூட வேண்டியிருந்தது. (அப்பா கிடந்தது அங்கே இல்லை.) நான் அப்போது தொடக்கப்பள்ளி. பூஞ்சை வேறு, பாக்டீரியா வேறு, அதற்கு ஆண்டிபயாட்டிக்கோடு சம்பந்தமில்லை. ஆனால் எங்கள் துறையில் மூத்தவர்கள் குளிர்சாதனம், ஈரப்பதம் என்று பேச்செடுத்தால் இன்றைக்கும் அதை இழுப்பார்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும், பத்திரிகையில் படம் வரும், மந்திரி வருவார். ட்ராப்புக்குள் இருப்பதை யார் படம் எடுப்பார்கள்?

அப்பாவுக்குக் கடைசியில் கொலிஸ்டின் கொடுத்தார்கள். பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று எழுபதுகளிலேயே ஓரம் கட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்திருக்கிறார்கள். மனிதர்களுக்குத்தான் ஓரம் கட்டினார்கள், கோழிக்கும் பன்றிக்கும் தாராளமாகக் கொடுத்து வந்தார்கள். 2015 நவம்பரில், கொலிஸ்டினையும் தோற்கடிக்கும் எம்சிஆர்-1 மரபணு, அதுவும் பிளாஸ்மிட்டில், சீனாவில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு மலேசிய மாதிரிகளிலும் தெரிந்தது. 2019 ஜனவரி முதல் உணவுக்கான கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை மலேசியா தடைசெய்தது. நல்ல முடிவு. ஜொகூர் முழுக்கக் கோழிப் பண்ணை, எங்கள் தாமானுக்குப் பின்னாலேயே ஒன்று இருந்தது, காற்று திரும்பினால் சாப்பிட முடியாது. அந்த நாற்றத்தில் வளர்ந்த எனக்கு, அந்தக் கொட்டகையில் போன மருந்தும் அப்பாவின் ரத்தத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தும் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

மருந்து வேலை செய்தது. நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. சொன்னபடி சிறுநீரகம் அடி வாங்கியது. மூன்று முறை டயாலிசிஸ். பிறகு அது தானாக ஓரளவு தேறியது. வீட்டுக்கு வரும்போது பன்னிரண்டு கிலோ குறைந்திருந்தார். 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இந்த மாதிரி கிருமிகளால் நேரடியாக இறந்தார்கள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அப்பா இன்னொரு பட்டியலில் வந்துவிட்டார்.

ஆனால் கிருமி போய்விடவில்லை. ரத்தத்தில் இல்லை, குடலில் இருக்கிறது. எட்டு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையிலும் இருந்தது. ஆளுக்கு ஒன்றும் செய்யாது, சும்மா குடியிருக்கிறது. அவருடைய கோப்பில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். கண் அறுவைக்குப் போனபோது அந்த ஸ்டிக்கரைப் பார்த்ததும் வரிசையில் கடைசி ஆளாக மாற்றினார்கள். அது சரியான நடைமுறைதான், அறையைப் பிறகு நன்றாகக் கழுவ வேண்டும் அல்லவா. அப்பாவுக்கு அது புரியவில்லை. "நான் என்னா திருடனா?" என்று கேட்டார். அக்காவுக்குக் குழந்தை பிறந்து கூலாய்க்கு நாங்கள் போனபோது, கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். தூக்கலாம், சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், நானும் பத்துமுறை சொல்லியாயிற்று. அக்கா வெளியே வந்து எதுவும் பேசாமல் பிள்ளையை அவர் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தார்.

இந்த வருஷம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு டயாலிசிஸ் மையத்தின் வேலை வந்தது. பதினான்கு சிங்கி. அலுவலகத்தின் ஸ்டாண்டர்ட் வரைபடத்தில் குழாயின் வாய் நேராக ஓட்டைக்கு மேலேதான் இருக்கும், எல்லா இடத்திலும் அப்படித்தான். நேராக விழக்கூடாது என்று பிரிட்டனின் மருத்துவமனை வழிகாட்டிகளில் பல வருஷமாக எழுதியிருக்கிறது. நான் வடிகாலைப் பின்சுவர்ப் பக்கம் நகர்த்தி, தொட்டியை ஆழமாக்கி, நாற்காலிக்கும் சிங்கிக்கும் இடையில் ஒரு தடுப்பு போட்டு வரைந்தேன். குழாய் காண்ட்ராக்டர் சீன அங்கிள், முப்பது வருஷ அனுபவம். பார்த்துவிட்டு, "அமோய், தண்ணி ஓட்டையில நேரா விழுந்தாத்தானே சுத்தமா போகும்?" என்று கேட்டார். பேப்பரில் படம் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இதுக்குள்ள ஏறி வருதா?" என்றார். வீட்டில் அவர் மனைவியும் டயாலிசிஸ் செய்பவர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலாளி தரப்பில் செலவுக் கணக்குப் பார்த்தார்கள். அந்த மாதிரி சிங்கிக்கு ஒவ்வொன்றுக்கும் இருநூறு ரிங்கிட் கூடுதல். பதினான்குக்கும் முடியாது, நோயாளி நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆறுக்கு மட்டும் சரி என்றார்கள். மற்ற எட்டும் பழைய மாதிரியே. மருந்து கலக்கும் அறையில் இருப்பது அந்த எட்டில் ஒன்று. அதற்காக மட்டும் இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.